பதினான்கு வயதுக்கு எழுதியது, எழுபது வயதுக்கும்தான்

இந்த வாரம் ரயில் பயணமும் இல்லை, பழைய தலைமையாசிரியர் கதையும் இல்லை. ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட நாவல். ஆனால் அதை முதலில் படிக்க வேண்டியவர்கள் வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டிகள்தான் என்பது என் கட்சி. விஷயம் கொஞ்சம் கனமானது. காபியைக் குடித்துவிட்டே உட்காருங்கள்.

புத்தகத்தின் பெயர் ‘ஸ்பீக்’. பேசு என்று அர்த்தம். லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் என்ற அம்மையார் எழுதி 1999-இல் வெளிவந்தது. அந்த ஊர்களில் குழந்தைக் கதைகளுக்கும் பெரியவர்களின் நாவல்களுக்கும் நடுவே ‘யங் அடல்ட்’ என்று தனி அலமாரி வைத்திருக்கிறார்கள். மீசை அரும்பும் வயது, தாவணி போடும் வயது என்று நாம் சொல்வோமே, அந்தப் பருவத்துக்கான புத்தகங்கள்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிவு தெரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடுமே என்று கவலைப்படும் வகைக் கதை இல்லை இது.

மெலிண்டா என்ற பெண் நியூயார்க் மாநிலத்தில் சிராக்யூஸ் என்ற ஊரில் ஒன்பதாம் வகுப்பில் சேருகிறாள். முதல் நாள் பள்ளிப் பேருந்தில் அவள் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. உயிர்த்தோழியாக இருந்தவளே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். காரணம், கோடை விடுமுறையில் நடந்த ஒரு பார்ட்டியில் இவள் போலீசுக்குப் போன் செய்துவிட்டாள். கொண்டாட்டம் கெட்டது, சிலர் மாட்டிக்கொண்டார்கள். ஏன் போன் செய்தாய் என்று ஒருவர்கூட அவளிடம் கேட்கவில்லை. படிக்கிற நமக்கும் நெடுநேரம் தெரியாது. பாதிக்கு மேல் போன பிறகுதான், அன்று இரவு மேல்வகுப்பு மாணவன் ஒருவன் அவளை வன்புணர்வு செய்தான் என்பது தெரிகிறது. அதைச் சொல்லும் பக்கங்கள் மிகக் குறைவு. மீதிப் புத்தகம் முழுவதும் அதற்குப் பிறகு வந்த ஒரு பள்ளி வருடம்.

அந்த வருடத்தில் அவள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோகிறது. உதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிறாள். தொண்டை அடைக்கிறது. துப்புரவுப் பணியாளர்கள் கைவிட்ட ஒரு சின்ன அறையைக் கண்டுபிடித்து, வகுப்புக்குப் போகாமல் அதற்குள் ஒளிந்துகொள்கிறாள். அவனோ அதே பள்ளியில், அதே நடைபாதையில், எல்லோருக்கும் பிடித்த பையனாகச் சிரித்துக்கொண்டு திரிகிறான். அவன் பெயரைக்கூட நினைக்க முடியாமல், அஃறிணையில் ‘அது’ என்று மனசுக்குள் குறிப்பிடுகிறாள். (இந்த இடத்தில் தமிழுக்கு ஒரு வசதி: ‘அவன்’, ‘அது’ இரண்டுக்கும் உள்ள தூரம் நமக்கு ஆங்கிலத்தைவிட நன்றாகவே உறைக்கும்.)

நாவலை நான்கு பாகமாகப் பிரித்திருக்கிறார். முதல் மூன்று பாகங்களின் முடிவிலும் அவளுடைய மதிப்பெண் அட்டை வருகிறது. அவளே எழுதிக்கொள்ளும் கேலியான அட்டை. பாகத்துக்குப் பாகம் மதிப்பெண் இறங்கிக்கொண்டே போகிறது. முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் இந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆசிரியர் அறையில் ரேங்க் கார்டு எழுதும் நாட்களை இந்தப் பக்கத்தில் படிக்கும் முன்னாள் சகாக்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காலாண்டில் எழுபது வாங்கிய பெண் அரையாண்டில் முப்பத்தெட்டு வாங்கினால் அந்த அறையில் என்ன பேச்சு வரும்? ‘யாரையாவது பார்க்க ஆரம்பித்திருப்பாள்.’ ‘டிவி பார்த்துக் கெட்டுப்போகிறது.’ பின்னாளில் டிவி போய் போன் வந்தது. ‘அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா’ என்று அனுப்புவோம், அப்பா வருவார், நம் எதிரிலேயே அந்தப் பெண்ணை ஓர் அறை விடுவார். விசாரணை முடிந்தது.

மெலிண்டாவுக்கும் இதுதான் நடக்கிறது, அறை மட்டும் இல்லை. பெற்றோர், பள்ளி முதல்வர், ஆலோசகர் எல்லோரும் அவளை நடுவில் உட்காரவைத்து ஒரு கூட்டம் போடுகிறார்கள். அவள் வாய் திறக்கவில்லை. கவனத்தை ஈர்க்க நாடகம் ஆடுகிறாள் என்று பெற்ற தாயே சொல்கிறாள். கெட்ட தாய் என்று நினைத்துவிடாதீர்கள். கடையை நடத்த ஓடிக்கொண்டிருக்கும் சாதாரண அம்மா. அந்த வீட்டில் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதைச் சமையலறை மேடையில் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒருநாள் மகளின் மணிக்கட்டில் கீறல்களைப் பார்க்கிறாள் அம்மா. இதற்கெல்லாம் தனக்கு நேரமில்லை என்கிறாள். படித்துக்கொண்டிருந்தவள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் முற்றத்தில் நடந்துவிட்டு வந்தேன்.

‘அப்போதே சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை?’ இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் கோயில் திண்ணையிலும் நடைப்பயிற்சிப் பூங்காவிலும் நாம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இந்த நாவல் முழுவதும் அதற்குத்தான் பதில். அவள் பலமுறை சொல்ல வருகிறாள். வாய் வரைக்கும் வருகிறது. எதிரில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அல்லது மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கிறார், அல்லது கோபத்தோடு ஆரம்பிக்கிறார். வார்த்தை திரும்ப உள்ளே போய்விடுகிறது. அந்தப் பையன் தன் பழைய தோழியோடு பழக ஆரம்பிக்கும்போது அவளை எச்சரிக்க வேண்டுமே என்று கடைசியில் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறாள். தோழி நம்பவில்லை, பொறாமை என்கிறாள். இத்தனைக்கும் நடுவில் கதவைத் திறந்துவைக்கும் ஒரே ஆள் ஓவிய வாத்தியார். அவரும் துருவித் துருவி எதையும் கேட்கவில்லை. ஒரு வருடம் முழுக்க மரம் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்துபார் என்று வேலை கொடுக்கிறார், அவள் வந்தால் இருக்கிறார், அவ்வளவுதான். அது போதுமானதாக இருக்கிறது.

குறையும் சொல்லிவிடுகிறேன். முடிவில் அந்தப் பையன் மறுபடி தாக்க வரும்போது அவள் கத்துகிறாள், உடைந்த கண்ணாடித் துண்டை எடுத்து அவன் கழுத்தில் வைக்கிறாள், சக மாணவிகள் ஓடி வருகிறார்கள். கொஞ்சம் சினிமா. 2004-இல் நிஜமாகவே சினிமாவாகவும் எடுத்தார்கள். நிஜ வாழ்க்கையில் அப்படி ஒரு கண்ணாடித் துண்டு எல்லோர் கைக்கும் அகப்படுவதில்லை. இந்த விஷயத்தில் லூயிஸ் ஓ’நீல் என்ற அயர்லாந்துப் பெண் 2015-இல் எழுதிய ‘ஆஸ்கிங் ஃபார் இட்’ நாவல் கறாரானது. சின்ன ஊர், அழகும் கர்வமும் உள்ள பெண், அவளுக்கு நடந்ததைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். ஊரே அவளைத்தான் குற்றம் சொல்கிறது. கடைசியில் அவள் புகாரைத் திரும்பப் பெற முடிவுசெய்கிறாள், வீட்டில் ஒரு நிம்மதி பரவுகிறது. அந்த நிம்மதியைப் படிப்பது கஷ்டம். அதை நம் பேத்திகளுக்குச் சிபாரிசு செய்ய எனக்குத் துணிவில்லை. நமக்குச் செய்வேன்.

‘ஸ்பீக்’ புத்தகத்தைப் பள்ளிகளிலிருந்து எடுக்கச் சொல்லி அங்கேயும் சண்டை நடந்தது. 2010-இல் மிசௌரி மாநிலத்தில் ஒரு பேராசிரியர் இது ஆபாசத்துக்குச் சமம் என்று பத்திரிகையில் எழுதினார். அந்த ஊர்ப் பள்ளி நிர்வாகம் அடுத்த வருடம் வேறு இரண்டு புத்தகங்களை எடுத்துவிட்டு இதை விட்டுவைத்தது. ஆபாசம் தேடிப் படிப்பவர்களுக்கு இதில் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். 2019-இல் ஆண்டர்சன் ‘ஷவுட்’ என்று கவிதையில் தன் கதையை எழுதினார். தனக்கே பதின்மூன்று வயதில் இது நடந்தது, பல வருடங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்பது அதில் இருக்கிறது.

இதைப் படித்து முடித்தபோது என் வயதுக்காரர்களுக்கெல்லாம் நினைவுக்கு வருவதுதான் எனக்கும் வந்தது. ஜெயகாந்தன். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்னிப் பிரவேசம்’. மழை, பஸ் ஸ்டாப், கார், கல்லூரி மாணவி. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா முதலில் பதறுகிறாள், அடிக்கிறாள், பிறகு தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். அந்த ஒரு குடம் தண்ணீர் தமிழ்நாட்டையே இரண்டாகப் பிரித்தது. அப்போது நான் சிறுமி. எங்கள் வீட்டுக் கூடத்தில் பெரியவர்கள் குரல் உயர்த்திப் பேசியதும், என்னைக் கண்டதும் பேச்சு நின்றதும் நினைவிருக்கிறது. கதையைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன்.

அந்த அம்மா அந்தக் காலத்துக்குப் பெரிய மனுஷி, சந்தேகமே இல்லை. ஆனால் இப்போது திரும்பப் படித்தால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஒன்று, தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டிய அழுக்கு அந்தப் பெண்ணின் மேல் இருந்தது என்பதை ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள் இருவருமே ஒப்புக்கொண்டுதான் சண்டை போட்டார்கள். அழுக்கு போயிற்றா இல்லையா என்பதுதான் வழக்கு. காரில் வந்தவனைப் பற்றி அந்தக் கூடத்தில் ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை. இரண்டாவது, அதோடு விஷயம் வீட்டுக்குள் புதைக்கப்படுகிறது.

ஜெயகாந்தனே அந்தக் கதையை அப்படியே விட்டுவிடவில்லை என்பதுதான் அவர் பெருமை. அம்மா தண்ணீர் ஊற்றாமல் ஊருக்கெல்லாம் கேட்கும்படி கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். 1972-இல் சாகித்ய அகாதெமி விருது, 1977-இல் பீம்சிங் படம், லட்சுமிக்குத் தேசிய விருது, எல்லாம் உங்களுக்குத் தெரியும். அண்ணன் வீட்டை விட்டு விரட்டுகிறான். ஆதரவு தந்த மாமாவின் கண்ணும் சரியில்லை. படித்து, நல்ல வேலையில் இருக்கும் கங்காவின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு மாலையைச் சுற்றியே ஓடுகிறது. நடந்ததைவிட, நடந்த பிறகு வீட்டார் பேசியதுதான் அவளை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தது. மேல்நாட்டார் 1999-இல் தனி அலமாரி போட்டு எழுதியதை இவர் முப்பது வருடம் முன்பே எழுதிவிட்டார் என்று பெருமை பேசலாம். பேசுவோம். ஆனால் அதைப் படித்தவர்கள் நாம், பெரியவர்கள். கங்காவின் வயதில் இருந்த பிள்ளைகளின் கையிலிருந்து அந்தப் பத்திரிகையைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்தோம்.

சொல்லைக்கூடப் பாருங்கள். நேற்று வரை நம் செய்தித்தாள்கள் ‘கற்பழிப்பு’ என்றுதான் எழுதின. அழிந்தது யாருடையது? அவளுடையது. ‘வீட்டில் கொள்ளை’ என்றால் கொள்ளைக்காரன்மேல் கோபம் வரும். ‘கற்பு அழிந்தது’ என்றால் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டத்தான் தோன்றும். இப்போது ‘பாலியல் வன்கொடுமை’ என்று எழுதுகிறார்கள். கொடுமை என்றதும் செய்தவன் ஒருவன் கண்முன் வந்துவிடுகிறான். இந்த மாற்றத்தைச் சண்டை போட்டுக் கொண்டுவந்த பெண்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் சொல்கிறேன், ஊரும் பெயரும் கேட்காதீர்கள். எழுபதுகளில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டுப் பெண், என்னைவிட ஒரு வகுப்பு கீழே. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்தவள் மறுபடி பள்ளிக்கு வரவில்லை. மூன்று மாதத்தில், தூரத்து ஊரில், மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிட்டார் என்று அவள் அப்பாவைத் தெருவே மெச்சியது. யாரால் என்பது வீட்டாருக்குத் தெரியும். அந்த மனிதர் அதற்குப் பிறகும் எல்லா விசேஷத்துக்கும் வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். நாற்பது வருடம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் அவளைப் பார்த்தேன். பாத்திரம் விலை, மூட்டுவலி, மருமகள் என்று எதையெதையோ பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் சாதாரணமாகச் சொன்னாள்: “என்ன நடந்ததுன்னு யாரும் என்னைக் கேக்கவே இல்லடி. எங்க அம்மாகூட. யாருக்கெல்லாம் தெரியும்னுதான் கேட்டாங்க.” அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள்.

‘என்ன நடந்தது’, ‘யாருக்குத் தெரியும்’. இந்த இரண்டு கேள்விகளில் எது முதலில் நம் வாயிலிருந்து வரப்போகிறது என்பது இப்போதே தீர்மானமாக வேண்டும். பிள்ளை எதிரில் வந்து நிற்கும் நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது. இன்றைய வீடுகளில் அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிறார்கள். நான்கரை மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளையின் முகத்தை முதலில் பார்ப்பது நாம்தான். அதனால்தான் இந்தப் புத்தகத்தைப் படியுங்கள் என்கிறேன். நல்ல மனிதர்கள், பாசமுள்ளவர்கள், எந்தெந்த இடத்தில் எப்படித் தவறவிடுகிறார்கள் என்பதை இத்தனை பொறுமையாக வேறு எதுவும் எனக்குக் காட்டியதில்லை.

காதும் காதும் வைத்த மாதிரி முடிக்க இப்போது சட்டமும் இடம் தராது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் எல்லாக் குழந்தைகளுக்குமான போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதே அதன்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. குடும்ப மானம் என்று தாத்தா மூடி மறைத்தாலும் அப்படித்தான். போலீஸ் ஸ்டேஷன் வாசல் ஏற வேண்டுமே என்று பயப்படுகிறவர்களுக்கு: பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வந்து, கூடுமானவரை பெண் அதிகாரியே, சீருடை இல்லாமல் வாங்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெயர், படம், அடையாளம் எதுவும் பத்திரிகையில் வரக் கூடாது. 1098 என்று ஒரு தொலைபேசி எண் இருக்கிறது, குழந்தைகளுக்கான உதவி எண். காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள், கேஸ் சிலிண்டர் நம்பர் ஒட்டியிருக்கும் இடத்தில்.

தமிழில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு யெஸ். பாலபாரதி ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ எழுதியிருக்கிறார். பேசும் மரப்பாச்சிப் பொம்மையை வைத்துக்கொண்டு இந்தப் பிரச்சினையைப் பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் சொல்லும் கதை. 2020-க்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. நாலாம், ஐந்தாம் வகுப்புப் பேரன் பேத்தி இருந்தால் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். பெரியவர்களுக்கு ஜெயகாந்தன் இருக்கிறார். நடுவில் உள்ள எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்க என் அலமாரியில் தேடினேன், கைக்கு எதுவும் வரவில்லை. அந்த வயதுக்குப் பாடப்புத்தகமும் நீட் கையேடும்தான் போதும் என்று நாம் முடிவுகட்டிவிட்டோம் போலிருக்கிறது. இளைய எழுத்தாளர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த இடம் காலியாக இருக்கிறது. ‘ஸ்பீக்’கைத் தமிழில் சூழ்நிலை மாற்றி எழுத வேண்டாம். நம் தெரு, நம் டியூஷன், நம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், இவற்றை வைத்தே எழுதலாம்.

பேத்திக்கு மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டர்சன் இருபது வருடம் பள்ளி பள்ளியாகப் போய் இந்த நாவலைப் பற்றிப் பேசியவர். பையன்கள் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றி எழுதியிருக்கிறார்: கதை நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தப் பெண் எதற்காக இவ்வளவு வருத்தப்படுகிறாள் என்று புரியவில்லையே? கேலி செய்யவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்கள். யாரும் அவர்களிடம் உட்கார்ந்து சொன்னதில்லை. நம் வீட்டுப் பையன்களிடம் யார் சொல்லியிருக்கிறோம்? ‘பொண்ணுங்ககிட்ட மரியாதையா நடந்துக்கோ’ என்ற ஒரு வரியோடு நம் பாடம் முடிந்தது.

என் மூத்த பேரனுக்குப் பதினைந்து வயது. போன மாதம் அவனிடம் கொடுத்தேன். பாதி படித்திருக்கிறான். ஏன் பாட்டி அவ பேசவே மாட்டேங்கிறா என்று இரண்டு முறை கேட்டான். படி, பிறகு பேசலாம் என்றிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.